தமிழம்மாவுக்கு, ஹாலே ஊரிலிருந்து திரும்பி

அன்புள்ள தமிழம்மாவுக்கு,

வணக்கம். முட்டிவலி எப்படி இருக்கிறது? நான் மக்டபர்க் வந்து ஏழு மாதம் ஆகிவிட்டது. படிப்பும் குளிரும் பழகிவிட்டன. ஜெர்மன் மொழிதான் இன்னும் பிடிகொடுக்க மாட்டேன் என்கிறது.

ஒன்பதாம் வகுப்பில் எங்களைத் தரங்கம்பாடிக்குக் கூட்டிப்போனீர்களே, நினைவிருக்கிறதா? புதிய எருசலேம் தேவாலயத்தில் பாதிரியார் சீகன்பால்கு கல்லறைக்கு முன்னால் நிறுத்தி, “இவர் எந்த ஊர்க்காரர்?” என்று கேட்டீர்கள். நான் முந்திக்கொண்டு டென்மார்க் என்றேன். “கப்பல்தான் டென்மார்க்குடையது, ஆள் ஜெர்மனி” என்று திருத்தினீர்கள். போன சனி ஞாயிறு அவர் படித்த ஊருக்கே போய்வந்தேன். இங்கிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஊர்ப் பெயர் ஹாலே. வெளிநாட்டு மாணவர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து போனோம்.

சனிக்கிழமை ஊர் சுற்றினோம். சந்தைத் திடலில் ஐந்து கோபுரங்கள் நெருங்கி நிற்கின்றன. நான்கு தேவாலயத்துடையவை, ஒன்று தனியாக நிற்கும் சிவப்புக் கோபுரம். இசைமேதை ஹாண்டெல் 1685-இல் பிறந்த ஊர் இது. திடலின் நடுவே அவருக்குச் சிலை இருக்கிறது. பிறகு அருங்காட்சியகத்தில் நெப்ரா வான்தட்டைப் பார்த்தோம். பச்சையேறிய வெண்கலத் தட்டில் தங்கத்தால் பிறையும் விண்மீன்களும் பதித்திருக்கிறார்கள். ஏறத்தாழ 3600 ஆண்டுப் பழமை. அதில் ஏழு மீன்கள் ஒரு கொத்தாக இருக்கின்றன. கார்த்திகைக் கூட்டம் என்றுதான் ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அகநானூறு நடத்தும்போது ‘அறுமீன்’ என்று நீங்கள் சொன்னது உடனே நினைவுக்கு வந்தது. நாம் ஆறு என்று எண்ணியதை இங்கே ஒருவன் ஏழாகப் பதித்துவைத்திருக்கிறான்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

இந்த ஊரில் ஃபிராங்கே என்ற பாதிரியார் 1695-இல் தன் உண்டியலில் நாலு தாலரும் பதினாறு குரோஷனும் (அந்தக் காலத்துக் காசுகள்) விழுந்திருப்பதைப் பார்த்து, அந்தப் பணத்தில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். 1698-இல் அநாதை இல்லத்துக்கு அடிக்கல் நாட்டினார். அது வளர்ந்து இன்று ஒரு சிற்றூர் அளவுக்கு இருக்கிறது. மரச்சட்டங்கள் போட்டு எழுப்பிய நூறு மீட்டருக்கும் நீளமான ஆறு மாடிக் கட்டடம் ஒன்றை அண்ணாந்து பார்த்தபடியே நடந்தேன். வளாகத்துக்கு எதிரே மேம்பாலத்தில் கார்கள் இரைகின்றன. உள்ளே வந்துவிட்டால் அந்தச் சத்தம் காதில் விழுவதில்லை.

அநாதை இல்லத்தின் உச்சி மாடியில் ஓர் அறை. அதில் உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் வந்த பொருட்களைப் பிள்ளைகளின் படிப்புக்காகச் சேர்த்துவைத்திருக்கிறார்கள். கூரையில் முதலை தொங்குகிறது. அலமாரிகள் 1730-களின் கடைசியில் செய்தவை. ஒவ்வொன்றின் தலைப்பிலும் உள்ளே இருப்பதைச் சொல்லும் ஓவியம். சிப்பி அலமாரி என்றால் மேலே சிப்பிகள். வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தவள், ஒரு கண்ணாடிக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டேன். உள்ளே ஓலை.

அம்மா, ஒருநாள் வகுப்புக்கு நீங்கள் பனையோலை நறுக்கு கொண்டுவந்தீர்கள். காம்பஸ் முனையால் ‘அம்மா’ என்று எழுதச் சொன்னீர்கள். நான் மகரத்தின் மேல் புள்ளி வைத்ததும் ஓலையில் ஓட்டை விழுந்து நார் பிளந்தது. “இதனால்தான் சுவடியில் புள்ளி இருக்காது” என்றீர்கள். பத்து வருடம் கழித்து அதைக் கண்ணால் பார்த்தேன். புள்ளி கிடையாது. சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருந்தன. தாய்மொழியை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டு கால்மணி நேரம் நின்றிருப்பேன். கூட வந்த பிள்ளைகள் அடுத்த அறைக்குப் போய்விட்டார்கள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கியபோது சீகன்பால்குக்கும் ஏறக்குறைய என் வயதுதான். ஒரு வாத்தியாரைத் தான் தங்கிய வீட்டிலேயே பள்ளி நடத்தச் சொல்லி, சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகியிருக்கிறார். இரண்டே ஆண்டில், 1708-இல், தான் சேர்த்த நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களுக்குப் பட்டியல் போட்டுவிட்டார். தமிழில் அச்சிட அச்செழுத்துகள் ஹாலேயிலிருந்து போயின. அவை பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றதால், தரங்கம்பாடிப் பக்கத்திலேயே சிறியவற்றை வார்த்திருக்கிறார்கள். அவர் லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-இல் ஹாலேயில் அச்சானது. அந்த ஊர் அச்சுக்கூடத்தில் ஒரு தொழிலாளி நம் ககரத்தையும் ஙகரத்தையும் கையில் எடுத்துக் கோத்திருப்பான் என்று நினைத்தாலே சிலிர்க்கிறது.

அவர் மதம் பரப்பத்தான் வந்தார். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வந்த இடத்தில் நம் சாமிகளைப் பற்றிக் கேட்டுக் கேட்டு எழுதி, 1713-இல் ஒரு பெரிய நூலை ஹாலேக்கு அனுப்பினார். இந்த நம்பிக்கைகளை ஒழிக்கப் போனவர் இவற்றை ஐரோப்பாவில் பரப்புவதா என்று ஃபிராங்கே அதை அச்சிட மறுத்துவிட்டார். அந்த நூல் அச்சானது 1867-இல், அதுவும் சென்னையில். உண்டியல் காசில் பள்ளிக்கூடம் கட்டிய மனிதர் இந்த ஒன்றில் மட்டும் கதவைச் சாத்தினாரே என்று எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

அதைவிட என் மனதில் தங்கியது இன்னொன்று. மதம், கல்வி, வாழ்க்கைமுறை என்று சீகன்பால்குவும் கூட இருந்தவர்களும் கேட்ட கேள்விகளுக்கு அந்தக் காலத்துத் தமிழர்கள் கடிதமாகப் பதில் எழுதியிருக்கிறார்கள். தொண்ணூற்றொன்பது கடிதங்கள். அவற்றை ஜெர்மனில் மொழிபெயர்த்து ஹாலேயில் அச்சிட்டார்கள். தமிழ் மூலம் நம் கையில் இல்லை. முந்நூறு ஆண்டுக்கு முன்னால் நம் ஊர்ப்பக்கத்து மனிதர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி எழுதியதை, இன்னும் வாக்கியம் கோக்கத் தெரியாத ஜெர்மனில்தான் நான் படிக்க வேண்டும். திரும்பும்போது ரயிலிலேயே முடிவு செய்துவிட்டேன்: மொழி வகுப்பை இனி ஒருநாளும் விடப்போவதில்லை.

அப்புறம், ஒரு உதவி வேண்டும். அந்த ஓலையின் முதல் இரண்டு வரிகளை என் நோட்டில் எழுத்து எழுத்தாகப் பார்த்து வரைந்துவந்தேன். அந்தத் தாளை இன்று தனித் தபாலில் அனுப்பியிருக்கிறேன். இரண்டாம் வரியில் பென்சிலால் வட்டம் போட்டிருக்கும் இடம் ‘பொருள்’ தானா, வேறு ஏதாவதா என்று பிடிபடவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மாணவி