மேஸ்திரியை மீட்டுத் தந்த அக்காவுக்கு

அப்பா நேற்று சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து தண்டையார்பேட்டை வீட்டுக்கு வந்துவிட்டார். நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும், மறுபடி எழுதத் தெம்பில்லை. அர்த்த ராத்திரியில் ஆட்டோ எடுத்த எதிர்வீட்டு அண்ணன், ரத்தம் கொடுத்த தம்பிகள், தினமும் ரசம் சாதம் கொடுத்தனுப்பிய டோல்கேட் அத்தை, டாக்டர்கள், நர்ஸுகள், எல்லோருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ராத்திரி டூட்டிக்கு வந்த அட்டெண்டர் அக்காவைப் பற்றித்தான் கொஞ்சம் அதிகம் சொல்ல வேண்டும்.

வார்டில் அப்பாவுக்குப் பெயரே இல்லை. தாத்தா, பெருசு, சில நேரம் பதினாலாம் பெட். "ஆ காட்டு கண்ணு, சமத்துல்ல" என்று ஊட்டுவார்கள். பிரியத்தில்தான். அப்பா வாயை இறுக்கிக்கொள்வார், கிண்ணத்தைத் தட்டிவிடுவார். "வயசானா அடம்தான்" என்றார்கள். "ஆமா, இப்ப குழந்தை மாதிரி" என்று நானும் சொன்னேன். அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டு சொன்னேன்.

அக்கா வந்ததும் முதலில் கேட்டது, "ஐயாவோட காது மெஷின் எங்கம்மா?" தொலைந்துவிடக் கூடாதென்று என் கைப்பையில் வைத்திருந்தேன். உளறுகிறார் என்று நாங்கள் நினைத்ததில் பாதி, கேள்வியே காதில் விழாமல் அவர் சொன்ன பதில்கள்.

மெஷினை மாட்டிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார். "ஐயா, உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" என்னைப் பார்த்துக் கேட்கவில்லை, அவரைக் கேட்டார். அப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மேஸ்திரி."

பெரம்பூர் பின்னி மில் தறிக்கூடத்தில் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். 1996-ல் மில் மூடியதோடு போன பெயர். எனக்கே மறந்துவிட்டது.

அப்புறம் எல்லாம், "மேஸ்திரி, கஞ்சி சூடா இருக்கு. இப்ப குடிக்கிறீங்களா, அஞ்சு நிமிஷம் ஆகட்டுமா?" அப்பா ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார். ஐந்து நிமிஷம் கழித்து, கிண்ணத்தைத் தானே பிடித்துக் குடித்தார். மற்றவர்கள் வார்டுக்கே கேட்கிற மாதிரி "டயப்பர்" என்பார்கள். அக்கா திரையை இழுத்துவிட்டு, "உள்துணி மாத்திக்கலாமா, மேஸ்திரி?" என்று குனிந்து கேட்பார். அவர் சரி என்ற பிறகுதான் கை வைப்பார்.

அக்கா, "குழந்தை மாதிரி" என்ற சொல் இனி என் வாயில் வராது. சொன்னதற்கு அப்பாவிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டேன்.

உங்களுக்கு எந்தக் கிழமை லீவு என்று மேஸ்திரி கேட்கச் சொன்னார். சொல்லுங்கள், அன்றைக்கு விடிகாலையிலேயே காசிமேடு போய் வஞ்சிரம் வாங்கிவிடுகிறேன்.