பக்கத்தில் உட்கார்ந்த தம்பிக்கு நன்றி

போன வாரம் ரயில் நிலைய நடைமேடையில் ஓர் இரும்புத் தகடு தடாலென்று விழுந்தது. அடுத்த நொடி நான் தலையைக் கைகளால் மூடிக்கொண்டு தரையில் குப்புறக் கிடந்தேன். போர்முனையிலிருந்து திரும்பி எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. உடம்புக்கு மட்டும் அது இன்னும் தெரியவில்லை.

கூட்டம் சேர்ந்தது. யாரோ என் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். நீங்கள்தான் அவர்களை விலகச் சொல்லிவிட்டு, என்னைத் தொடாமல், ஓர் அடி தள்ளி அந்த அழுக்குத் தரையிலேயே உட்கார்ந்தீர்கள். "ஐயா, அது தகடு விழுந்த சத்தம். மெதுவா எழுந்திரிங்க, அவசரமில்லை." அப்புறம் கண்ணில் படுகிற ஐந்து பொருள்களைச் சொல்லச் சொன்னீர்கள். கடிகாரம், தூண், பெட்டி, யாருடைய செருப்போ... ஐந்தாவதாக உங்கள் மூக்குக்கண்ணாடி.

முதல் உலகப் போரில் இதை ஷெல் ஷாக், அதாவது குண்டு அதிர்ச்சி, என்றார்கள். பலருக்குக் கோழைப் பட்டமும் கட்டினார்கள். பிடிஎஸ்டி, அதாவது பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு, என்ற பெயர் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் ஏறியதே 1980-ல்தான். இதெல்லாம் தெரிந்திருந்தும், எழுந்து நிற்கிற நேரத்தில் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். நீங்கள் கை நீட்டியதால் அன்று அது இல்லை.

ரயில் வந்துவிட்டது, பெயர்கூடக் கேட்கவில்லை. மனமார்ந்த நன்றி தம்பி.