குளிராத ஃபிரிட்ஜும் உன் போர்வெல் மோட்டாரும்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது என்று படித்ததும் மனசு நிறைந்தது. எரிந்துபோன போர்வெல் மோட்டாருக்கு மூன்றாவது முறையாகக் காயில் கட்டுவதா, புதிது வாங்குவதா என்று கேட்டிருந்தாய். இங்கே அமெரிக்காவில், மிச்சிகனில் நானும் ஒரு மாதமாக இதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

நாங்கள் காருக்குப் பின்னால் இழுத்துப்போய்த் தங்கும் டிரெய்லரைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். 2007-இல் செய்தது, 22 அடி நீளம். உள்ளே இருக்கும் சாமான்கள் எல்லாம் ஒரே வயது. அதனால் ஒன்றன்பின் ஒன்றாகப் படுக்க ஆரம்பித்துவிட்டன. பழுதுபார்க்கும் கடையில் எதையும் திறந்துகூடப் பார்க்காமல், "இவ்வளவு பழசு, மொத்தமா மாத்திடுங்க" என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. நானே திறந்து பார்த்தேன்.

குளிருக்கு டிரெய்லரைச் சூடாக்கும் ஃபர்னஸில் விசிறி ஓடியது. தீ பற்றிய உடனே அணைந்தது. கழற்றினால் புகைபோகும் குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது! நம் ஊரில் என்றால் வீட்டில் குழந்தை பிறக்கப்போகிறது என்பார்கள். சுத்தம் செய்ததும் எரிந்தது. ஆனால் அதோடு விடவில்லை. உள்ளே தீ எரியும் உலோகக் கூட்டில் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடினேன். அதில் விரிசல் விட்டால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு படுக்கும் இடத்துக்கே வந்துவிடும். விரிசல் இருந்திருந்தால் யோசிக்காமல் புது ஃபர்னஸ் வாங்கியிருப்பேன். கேஸ் கசிவைச் சொல்லும் அலாரத்தையும் அப்படித்தான் மாற்றிவிட்டேன். அதற்கு ஆயுள் 5 முதல் 7 வருஷம்தான்.

கூரை ஏசி உறுமியது, கம்ப்ரசர் கிளம்பவில்லை. அதைக் கிளப்பிவிடும் கெபாசிட்டர் போயிருந்தது, அவ்வளவுதான். வாட்டர் ஹீட்டரில் தொட்டிக்குப் பதிலாகத் தான் அரித்துப்போவதற்கென்றே ஒரு ஆனோடு கம்பி இருக்கும். அது கரும்புச் சக்கை மாதிரி வந்தது. புதுக் கம்பி போட்டேன், தொட்டி நன்றாகவே இருக்கிறது.

ஃபிரிட்ஜ்தான் தூக்கத்தைக் கெடுத்தது. இது வீட்டு ஃபிரிட்ஜ் மாதிரி இல்லை. கம்ப்ரசரே கிடையாது. குழாய்க்குள் அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன். அடியில் புரொப்பேன் கேஸில் எரியும் ஒரு சின்னத் தீ. தீயை வைத்துக் குளிரை உண்டாக்குகிறது. 1922-இல் ஸ்டாக்ஹோமில் பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்தது. நாம் பாலிடெக்னிக் ஹாஸ்டலில் டேபிள் ஃபேனைப் பிரித்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த வயதில் அவர்கள் இதைச் செய்திருக்கிறார்கள். நினைத்தால் இன்னும் சிலிர்க்கிறது.

இந்த ஃபிரிட்ஜுக்கு ஒரு நிபந்தனை உண்டு. டிரெய்லர் சமமாக நிற்கவேண்டும். சாய்ந்து நின்றால் உள்ளே திரவம் சரியாகத் திரும்பாது. கொதிகுழாய் மிஞ்சிச் சூடேறி, துருப்பிடிக்காமலிருக்கக் கலந்த மருந்து படிந்து அடைத்துக்கொள்ளும். முன்பு பல இடங்களில் அவசரத்தில் சாய்வாகவே நிறுத்தியிருக்கிறோம். பின்பக்க மூடியைத் திறந்தபோது அம்மோனியா நெடி அடித்தது, குழாயில் மஞ்சள் கறை. அந்த நிமிஷமே அணைத்துவிட்டேன். ஹைட்ரஜன் கசியும் இடத்துக்குப் பக்கத்தில் தீ எரியக்கூடாது.

இப்போது பலர் 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜுக்கு மாறுகிறார்கள். சாய்ந்தாலும் கவலை இல்லை, சீக்கிரம் குளிரும். ஆனால் நாங்கள் தங்குவது கரண்ட் இல்லாத காட்டில். எங்களிடம் இருக்கும் ஒற்றை பாட்டரியை அது ஒரே நாளில் பாதிக்கு மேல் குடித்துவிடும். அப்புறம் சோலார், லித்தியம் பாட்டரி என்று செலவு நீளும். புரொப்பேனில் ஓடுவதற்கு ஒரு சிலிண்டர் பல நாள் வரும். பெட்டியும் கதவும் ரப்பரும் நன்றாக இருப்பதால், பின்னால் இருக்கும் குளிர்க்குழாய்த் தொகுதியை மட்டும் புதிதாக வரவழைக்கிறேன். எனக்குக் கிடைத்த விலையில் அது முழு ஃபிரிட்ஜில் பாதிதான்.

இனி உன் மோட்டார். காயில் கட்டக் கொடுக்கும் முன், ஏன் மூன்று முறை எரிந்தது என்று பார். வோல்டேஜ் இறங்குகிறதா? சுழலும் ஷாஃப்ட்டும் அதைத் தாங்கும் புஷ்ஷும் தேய்ந்திருக்கிறதா? தேய்ந்திருந்தால் காயில் கட்டும் காசு வீண், புதிதே வாங்கிவிடு. வோல்டேஜ்தான் காரணம் என்றால் புது மோட்டாரும் எரியும்.

ஃபிரிட்ஜின் குளிர்க்குழாய்த் தொகுதி வியாழக்கிழமை வருகிறது. மாட்டி ஒரு ராத்திரி ஓடவிட்டு, காலையில் உள்ளே 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இருந்தால் பேரனைக் கூட்டிக்கொண்டு சுப்பீரியர் ஏரிக்கரைக்குக் கிளம்புகிறோம். அவனுக்கு மூன்று வேளையும் தயிர் வேண்டும். மோட்டாரைத் திறந்ததும் புஷ் எப்படி இருந்தது என்று மறக்காமல் எழுது. அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்