பெயர் எழுதிய அட்டையை வெட்டாதீர்கள்

எங்கள் ஊர்ப் பள்ளியின் நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம்.

ஓட்டுக் கட்டடத்தை இடித்ததும், தாழ்வாரச் சுவரில் இருந்த குரூப் போட்டோக்களைக் கழற்றியதும் நீங்கள் அறிந்ததுதான். கட்டடம் பழுதாகிவிட்டது, இடித்துத்தான் ஆக வேண்டும். அதில் எனக்கு வருத்தம் உண்டு, புகார் இல்லை. என் புகார் போட்டோக்களைப் பற்றியது.

புது ஹாலில் எல்லாப் படங்களும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று, அடியில் பெயர்கள் அச்சிட்டிருந்த அட்டையை வெட்டிவிட்டீர்கள். வெட்டிய பிறகுதான் சிலவற்றில் கறை இருப்பதைப் பார்த்தார்கள் போலிருக்கிறது. அவை பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டன. கடைக்காரர் தெரிந்தவர் என்பதால் பதினொரு படங்கள் என் கைக்கு வந்தன. ஒன்றில்கூடப் பெயர் இல்லை.

அதில் 1957 எஸ்.எஸ்.எல்.சி. வகுப்புப் படமும் ஒன்று. எங்கள் தெருவில் ஒரு அம்மா இருக்கிறார், எழுபதைத் தாண்டியவர். அவருடைய அண்ணன் அந்த வகுப்பில் படித்தவர். அடுத்த வருஷமே காய்ச்சலில் இறந்துவிட்டார். தங்கைக்கு அப்போது ஐந்து வயது. அண்ணன் தூக்கி வைத்துக்கொண்டது நினைவிருக்கிறது, முகம் நினைவில்லை. வீட்டில் ஒரு போட்டோவும் கிடையாது. போன வருஷம் பழைய மாணவர் கூட்டத்துக்கு நான் வந்தபோது அண்ணனின் பெயரை அட்டையில் பார்த்து அந்த அம்மாவிடம் சொன்னேன். "பரீட்சை லீவு விடட்டும், வந்து பார்க்கிறேன்" என்றார். அன்றே செல்போனில் ஒரு படம் எடுக்காமல் விட்டது என் தப்பு. அதை நினைக்காத நாளில்லை.

கடையிலிருந்து எடுத்த படத்தை அவரிடம்தான் முதலில் கொண்டுபோனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்த பையன்களிலிருந்து ஒவ்வொரு முகமாக விரலை வைத்துக்கொண்டே போனார். மொத்தம் முப்பத்து நான்கு பையன்கள். பின்வரிசையில் ஒரு பையனிடம் விரல் நின்றது. "காது எங்க அப்பா காது மாதிரி இருக்கு." கொஞ்ச நேரம் கழித்து அதே வரிசையில் இன்னொருவன் மேல் விரலை வைத்தார். "இவனுக்கும் அப்படித்தான் இருக்கு. இதுல எங்க அண்ணன் யாருப்பா?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

உங்கள் அட்மிஷன் ரிஜிஸ்தரில் அந்தப் பையனின் பெயர் இருக்கிறது, முகம் இல்லை. போட்டோவில் முகம் இருக்கிறது, பெயர் இல்லை. இரண்டையும் சேர்த்து வைத்திருந்தது அந்த இரண்டு அங்குல அட்டைதான். நிற்பவர்கள், அமர்ந்திருப்பவர்கள், இடமிருந்து வலம் என்று யாரோ பொறுப்பாக எழுதி வைத்தது. அதே படத்தில் ஓரமாகக் காக்கிச் சட்டையோடு வெறுங்காலில் ஒருவர் நிற்கிறார். பியூனாக இருக்கலாம். வாத்தியார்கள் நாற்காலியில், இவர் தள்ளி நிற்கிறார். யார் உட்கார்ந்தார்கள், யார் நின்றார்கள், எத்தனை பேருக்குக் காலில் செருப்பு இருந்தது என்பதெல்லாம் எந்த ரிஜிஸ்தரிலும் கிடைக்காது. இந்த ஊரின் வரலாற்றை எழுத நினைப்பவருக்கு இதைவிட நல்ல சான்று வேறென்ன?

1858-ல் லினேயஸ் டிரைப் என்ற ராணுவ கேப்டன் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடியில் ஓடும் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, 19 அடிக்கு மேல் நீளமான ஒரே படமாக்கினார். கல்லில் வெட்டிய எழுத்துக்கே அவ்வளவு கவனம். மனிதர்களுக்கு அது கிடைக்கவில்லை. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் ஹூப்பர் என்ற அதிகாரி எடுத்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். எலும்பும் தோலுமாக உட்கார வைக்கப்பட்ட குடும்பங்கள். எடுத்தவர் பெயர் நமக்குத் தெரியும். உட்கார்ந்திருந்தவர்கள் பெயரில்லாமலேதான் நம்மிடம் வந்து சேர்ந்தார்கள். அவர்களிடம் பெயர் கேட்டு எழுத அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. நம் பள்ளிப் படங்களில் பெயரை எழுதியே கொடுத்திருந்தார்கள், நாம் வெட்டிப் போட்டோம்.

நம் ஊரே இப்படித்தான் என்று சில நேரம் கோபம் வருகிறது. கடைத்தெரு ஸ்டுடியோவை மூடியபோது கண்ணாடி நெகட்டிவ்களைக் கழுவி வெறும் கண்ணாடியாக விற்றார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பள்ளியின் நூற்றாண்டு மலரில் நன்கொடை கொடுத்தவர்கள் படம் பக்கம் பக்கமாக வந்தது, பழைய வகுப்புப் படம் ஒன்றுகூட வரவில்லை. இன்னொரு பக்கம், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் பழைய படங்களைத் தேடித் தேடி டிஜிட்டல் பிரதி எடுத்து, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. அவர்கள் தேடி அலைந்தது நம் பள்ளியில் சுவரிலேயே தொங்கியது.

கோபத்தில் எழுதியது கடுமையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. இன்னும் வெட்டாத படங்களை வெட்டாதீர்கள். வெட்டிய அட்டைகள் ஸ்டோர் ரூமில் சாக்கில் கிடப்பதாகச் சொல்கிறார்கள். அந்தச் சாக்கை வெளியே அனுப்பாதீர்கள். படங்களை லேமினேஷனும் செய்ய வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு உரித்தால் படமும் சேர்ந்து வந்துவிடும்.

ஸ்கேனர் எங்களிடம் இருக்கிறது, செலவும் எங்களுடையது. ஹாலில் மாட்டுவதற்கு அதே அளவில் பிரதி போட்டுத் தருகிறோம், மூலப் படம் அட்டையோடு அப்படியே பீரோவில் இருக்கட்டும். பெயர் கிடைக்காத படங்களைப் பெரியவர்களிடம் காட்டிக் கேட்டு எழுதிக்கொள்கிறோம். 1950-களில் படித்தவர்கள் ஊரில் ஒரு சிலர்தான் மிச்சம், அவர்களும் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். அதனால்தான் அவசரப்படுகிறேன். தயவுசெய்து அதுவரை ஒரு படத்தையும் வெட்டாதீர்கள்.

வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஸ்டோர் ரூமைத் திறந்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். நாங்கள் நான்கு பேர் வருவோம். அந்த அம்மாவும் வருவார். சாக்கில் இருப்பதைப் பிரித்துப் பார்த்து முடிக்க நேரமாகும், அவருக்கு ஒரு நாற்காலி போட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
1986-ல் இங்கே பத்தாம் வகுப்பு முடித்த பழைய மாணவன்