பீர் கதையை விடுங்கள், அந்த ஐந்து வருடத்தை எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் அமெரிக்க கன்ட்ரி இசைப் பாடகர் கிரிஸ் கிறிஸ்டாஃபர்சன் பற்றிய குறிப்பைப் படித்தேன். அவரைப் பற்றித் தமிழில் நாலு வரி வருவதே அபூர்வம், அதற்கு நன்றி. ஆனால் அதில் பாதிக்கு மேல் அந்த ஹெலிகாப்டர் கதைதான். அப்போதே பெரிய கன்ட்ரி பாடகராக இருந்த ஜானி கேஷ் வீட்டுப் புல்வெளியில் ஹெலிகாப்டரை இறக்கி, ஒரு கையில் பீரும் இன்னொரு கையில் தான் எழுதிய பாட்டு டேப்புமாக வந்து நின்றாராம். ஹெலிகாப்டரை இறக்கியது உண்மை. பீர் உண்மையில்லை. அது கேஷ் சொல்லிப் பரவிய கதை. அன்றைக்கு கேஷ் வீட்டில் இருந்ததாகவே தனக்கு நினைவில்லை என்று கிறிஸ்டாஃபர்சன் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஹெலிகாப்டர் ஓட்ட இரண்டு கையும் இரண்டு காலும் வேண்டும். ராணுவத்தில் முறையாகப் பயிற்சி பெற்ற பைலட்டைக் குடித்துவிட்டு ஓட்டியவர் என்று எழுதுவது அவருக்குச் செய்கிற அநியாயம்.

'ராணுவத்தில் சில காலம் இருந்தார்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே, எனக்கு வருத்தம் அதில்தான். அவருடைய அப்பா விமானப்படையில் ஜெனரல். இவர் ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டு போய் ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு, 1960-ல் திரும்பி வந்து ராணுவத்தில் சேர்ந்தார். ஹெலிகாப்டர் பயிற்சி, ரேஞ்சர் என்கிற கடுமையான போர்ப் பயிற்சி, அப்புறம் மேற்கு ஜெர்மனியில் போஸ்டிங், கேப்டன் பதவி. வியட்நாமுக்குப் போகிறேன் என்று அவராகவே கேட்டும் அனுப்பவில்லை. 1965-ல் வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமியில் இலக்கியம் சொல்லித்தரச் சொல்லி உத்தரவு வந்தது. எந்த வீட்டிலும் கொண்டாடுகிற வேலை. அதை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மனைவி, குழந்தையோடு கன்ட்ரி இசையின் தலைநகரமான நாஷ்வில் போய் பாட்டெழுத உட்கார்ந்தார். பெற்ற வீடு அவரைத் தலைமுழுகிவிட்டது.

அங்கே கிடைத்த வேலை கொலம்பியா இசைப்பதிவு ஸ்டுடியோவில் தரை பெருக்குவது, சாம்பல் கிண்ணத்தைக் கொட்டுவது. 1966-ல் பாப் டிலன் அங்கே ஆல்பம் பதிவு செய்துகொண்டிருந்தபோது இவர் துடைப்பத்தோடு அதே கட்டடத்தில் இருந்தார். பணம் போதாமல் லூசியானா கடலில் எண்ணெய்த் துரப்பண மேடைகளுக்கு ஆட்களை ஏற்றிப் போகும் ஹெலிகாப்டரை ஓட்டினார், இடையிடையே நாஷ்வில் வந்து பாட்டுகளைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். பின்னால் ஊரே பாடிய பாட்டுகளில் சிலவற்றை அந்த மேடைகளில் உட்கார்ந்துதான் எழுதினார். ராணுவம் கற்றுக்கொடுத்த தொழில் கைவிடாததால்தான் அவரால் பாட்டைக் கைவிடாமல் இருக்க முடிந்தது என்று நான் நினைக்கிறேன். 1970-ல் கேஷ் பாடிய அவர் பாட்டுக்கு கன்ட்ரி இசைச் சங்கத்தின் விருது, அடுத்த வருடம் ஜானிஸ் ஜாப்ளின் குரலில் அவருடைய 'மீ அண்ட் பாபி மெக்கீ' அமெரிக்கப் பாட்டு வரிசையில் முதலிடம், அப்புறம் சினிமா. இதெல்லாம் உங்கள் குறிப்பிலேயே இருக்கிறது.

அதில் இல்லாத இன்னொன்று. வியட்நாம் போரை எதிர்த்தவர்கள் மீது கோபப்பட்டு ஆரம்பத்தில் பாட்டெழுதியவர் அவர், அதை டேவ் டட்லி என்கிற கன்ட்ரி பாடகர் 1966-ல் பாடினார். அதே மனிதர் 80-களில் நிகராகுவா, எல் சால்வடார் நாடுகளில் அமெரிக்கா தலையிட்ட விஷயத்தில் தன் நாட்டு அரசையே மேடையில் நின்று கண்டித்தார், அதனால் ரசிகர்களையும் இழந்தார். சீருடை போட்டவர் பேசிய பேச்சு என்பதால் எனக்கு அதில் கூடுதல் மரியாதை. 2003-ல் முன்னாள் படைவீரர்களுக்கான விருது விழாவில் அவரை அந்த ஆண்டின் சிறந்த முன்னாள் வீரராகக் கௌரவித்தார்கள்.

2024 செப்டம்பரில், 88 வயதில், ஹவாயில் இறந்துபோனார். பீர் விஷயத்துக்கு ஒரு திருத்தம் போடுங்கள். இடம் கிடைத்தால் 1960 முதல் 1965 வரை அவர் வாழ்ந்ததைத் தனியாக, முழுசாக ஒரு கட்டுரையாக எழுதுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர், திருச்சி