மாதக் கூட்டத்தை நிறுத்தாதீர்கள்: எங்கள் சங்கச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமார்களுக்கு,

வணக்கம். போன வாரம் சங்க வாட்ஸப் குழுவில் நீங்கள் போட்ட அறிவிப்பைப் படித்தேன். இனி முதல் ஞாயிறு கூட்டம் கிடையாது, சந்தாவை ஜிபேயில் அனுப்பினால் போதும், உறுப்பினர் வீட்டில் சாவு என்றால் உதவித் தொகை அன்றைக்கே கணக்கில் ஏறிவிடும் என்று எழுதியிருந்தீர்கள். சரி, சந்தா ஜிபேயில் வரட்டும். பணம் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்ற உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் கூட்டத்தை நிறுத்தாதீர்கள்.

என் அப்பா இறந்தது ஒரு மழை ராத்திரி. வடசென்னைப் புளியந்தோப்பில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். சங்கம் கொடுத்த 2,000 ரூபாய் எதற்குச் செலவானது என்று இப்போது ஞாபகமில்லை. அன்றைய பொருளாளர் அண்ணன் அந்தத் தண்ணீரில் சாமியானாக் கம்பைத் தோளில் சுமந்து வந்தது ஞாபகம் இருக்கிறது. விடிவதற்குள் இரண்டு பேர் எங்கேயோ போய் ஐஸ்கட்டி வாங்கி வந்தார்கள். வண்டி வராததால் மூலக்கொத்தளம் சுடுகாடு வரை தோள் மாற்றி மாற்றித் தூக்கினார்கள். தூக்கியவர்கள் வேறு வேறு சாதி. அதைப் பார்த்து உறவுக்காரர் ஒருவர் முணுமுணுத்தார். "அவங்க அவரோட சங்கத்து ஆளுங்க, அவங்கதான் தூக்குவாங்க" என்று அம்மா முடித்துவிட்டார்.

அவர்கள் ஏன் வந்தார்கள்? மாதம் தவறாமல் ஒரே ஜமக்காளத்தில் அப்பாவோடு உட்கார்ந்தவர்கள் அவர்கள். அப்பாவுக்குச் சர்க்கரை நோய் என்பதால் அவருக்கு மட்டும் இனிப்பில்லாத டீ தனியாக வாங்கி வைப்பார்கள்.

நம் பக்கத்துச் சரித்திரமும் இப்படித்தான். 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தைப் பெருமையாகச் சொல்கிறோம். அதன் தலைவர்களான வாடியா, திரு.வி.க. பெயர்கள் எல்லாருக்கும் தெரியும். அதற்கு முன்பு செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும் நடத்திய பக்தி சபையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. மில் தொழிலாளிகள் அங்கே கூடினார்கள், தங்கள் குறைகளைப் பேசினார்கள். சங்கம் அதிலிருந்து வந்தது. மூன்றே வருஷத்தில், 1921 வேலைநிறுத்தத்தின்போது, அதே தொழிலாளிகள் சாதியாகப் பிளந்தார்கள். நம் புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறும். ஒரே சங்கத்து உறுப்பினர் நோட்டில் பெயர் இருந்தும் அது நடந்ததே!

சாதிப் பேச்சும் கட்சிப் பேச்சும் கூடத்துக்குள் வரக்கூடாது என்று நம் பெரியவர்கள் விதி எழுதியது இதை மனதில் வைத்துத்தான் என்று நம்புகிறேன். எழும்பூரில் மண்டபம் வைத்திருக்கும் ஃப்ரீமேசன்கள் என்ற பழைய சகோதரச் சங்கத்தாரும் மதத்தையும் அரசியலையும் லாட்ஜ் என்கிற தங்கள் கூட்டத்துக்குள் விவாதிப்பதில்லை. வசதியான சங்கத்துக்கே அந்தக் கட்டுப்பாடு தேவைப்படுகிறது.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலை நீங்களே பார்த்தீர்கள். கடைசித் தெருப் பாட்டியால் எழுந்து நடக்க முடியாது என்பது உங்களுக்கு எப்படித் தெரிந்தது? முந்தைய மாதக் கூட்டத்தில் அவர் மகன் சொல்லியிருந்தார். அதனால்தான் நீங்கள் முதலில் அந்த வீட்டுக்குப் போனீர்கள். அன்றைக்குப் பாதிப் பேருக்கு போனில் சார்ஜே இல்லை.

கூட்டத்துக்கு ஆள் வருவதில்லை என்கிறீர்கள். உண்மைதான். அதற்கு எங்கள் வயதுக்காரர்கள் பழைய கணக்கை இழுத்து இரண்டு மணி நேரம் பேசுவதும் ஒரு காரணம், ஒப்புக்கொள்கிறேன். ஒரு மணி நேரத்தில் முடியுங்கள். ஷிப்டு முடிந்து வருபவர்களுக்காகச் சாயங்காலம் வையுங்கள். அப்புறம், நம் சங்கத்தில் பல வீடுகளில் சந்தாவைக் கையில் கொண்டுவந்து கட்டுவது பெண்கள், நோட்டில் இருப்பதோ ஆண்கள் பெயர். அந்தப் பெண்களை உறுப்பினராக்கிக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். கூடத்தில் இடம் பத்தாமல் போகும், பாருங்கள்.

வரும் முதல் ஞாயிறு ஐந்து மணிக்கு நானே வந்து கூட்டிப் பெருக்கி ஜமக்காளத்தை விரிக்கிறேன். கூடத்துச் சாவியை மட்டும் டீக்கடையில் கொடுத்து வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் மூத்த உறுப்பினர்,
புளியந்தோப்பு