புதுவீட்டு நத்தாரும் வன்னி மழையும்

ஆசிரியருக்கு,

வருடக் கடைசியில் இடமாற்றம் கிடைத்து வன்னிக்குக் குடிவரும் படைச் சேவைக் குடும்பங்களில் தமிழ்க் கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள். தொகை கொஞ்சம்தான். தகப்பனோ தாயோ மார்கழி (டிசம்பர்) 24ஆம் திகதி இரவு கடமையில் நிற்க, பிள்ளைகள் பழகாத வீட்டில் நத்தாரை எதிர்கொள்ள வேண்டியிருக்கும். அவர்களுக்குச் சில விடயங்களைச் சொல்ல விரும்புகிறோம்.

வந்த கிழமையே பங்குத்தந்தையைச் சந்தித்துப் பதிந்துகொள்ளுங்கள். கிளிநொச்சியும் முல்லைத்தீவும் யாழ்ப்பாண மறைமாவட்டம், வவுனியா மன்னார் மறைமாவட்டம். ஒரே சுவாமியார் பல சிற்றாலயங்களைப் பார்ப்பதால், நத்தார் இரவுத் திருப்பலி எல்லா இடத்திலும் நள்ளிரவில் நடக்காது. நேரத்தை முன்கூட்டியே கேளுங்கள். புதுவீட்டை மந்திரிக்க மார்கழி நடுப்பகுதிக்கு முன் நாள் கேட்பது நல்லது. பிறகு நத்தார் ஒளிவிழா, ஒப்புரவு (பாவசங்கீர்த்தனம்) என்று அவருக்கு மூச்சுவிட நேரமிராது.

பாலன் குடிலை முற்றத்து மண்ணில் கட்ட வேண்டாம். மார்கழி இங்கே மாரி. 2018இல் நத்தாருக்குச் சில நாள் முன் வந்த வெள்ளத்தில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எத்தனையோ குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. வெள்ளம் வராவிட்டாலும் ஈர மண்ணில் ஊன்றிய தடியில் கறையான் ஏறும், வைக்கோலுக்குள் தேளும் பாம்பும் ஒதுங்கும். விறாந்தையில் சீமெந்துக் கல் அடுக்கி, ஓரடி உயரத்தில் பலகை போட்டு அதன்மேல் கட்டுங்கள். வைக்கோலைத் தேடி அலையவும் வேண்டாம். மாரிக்கு விதைத்த காலபோக நெல் அப்போது வயலில் பச்சையாக நிற்கும். கிடைப்பது சிறுபோகத்து வைக்கோல், அதுவும் மழையில் நனைந்து கறுத்திருக்கும். கூரைக்குக் கிடுகோ பனையோலையோ போதும்.

குடிலின் பின்னால் வைக்கும் மலைக்குச் சீமெந்துக் கடதாசிப் பையைவிடச் சிறந்தது இல்லை. தூளை நன்றாக உதறி, கசக்கி விரித்து, கோதுமை மாப் பசை தடவி உருவம் பிடியுங்கள். ஒரு கோப்பை மாவுக்கு ஐந்து கோப்பை தண்ணீர் விட்டுக் காய்ச்சினால் சரியான பதம். பசை தடித்தால் இந்தக் குளிர்காற்றில் காயாது, பூஞ்சணம் பிடிக்கும். மெல்லிய பூச்சாகப் பூசி, ஒன்று காய்ந்த பிறகே அடுத்ததைப் பூசுங்கள். 14ஆம் திகதியளவில் தட்டையான தகரப் பேணிகளில் குரக்கன் தூவிவிட்டால், நத்தாருக்குக் குடிலைச் சுற்றிப் பச்சைப் புல் கிடைக்கும். தண்ணீரைத் தெளித்தால் போதும், ஊற்றினால் விதை ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும். பிள்ளைகளிடம் விடவேண்டிய வேலை இது.

நட்சத்திரத்துக்கு ஒரே நீளத்தில் பத்து மெல்லிய தடிகள் வேண்டும். ஐந்து ஐந்தாகக் கட்டினால் இரண்டு சட்டங்கள். முனைகளைச் சேர்த்துக் கட்டி, உள்ளே தடிகள் குறுக்கிடும் ஐந்து இடத்திலும் நாலைந்து அங்குலக் குச்சி கொடுத்தால் வயிறு விரியும். ரிசு பேப்பர் ஒரு மழைக்குக் கரைந்துவிடும், நிறப் பொலித்தீன் ஒட்டுங்கள். கீழ் முனைகளில் சிறு துளை விட்டால் தண்ணீர் தேங்காது. உள்ளே 5 வாட் எல்.ஈ.டி. பல்ப் போதும், பழைய இழை பல்ப் பொலித்தீனை உருக்கிவிடும்.

மின்சாரத்தில்தான் எங்களுக்குப் பயம். பக்கத்து வீட்டிலிருந்து மரத்துக்கு மரம் வயர் இழுக்க வேண்டாம். வெளியே வயரில் மூட்டுப் போடவே கூடாது, ரேப் சுற்றினாலும் ஈரம் உள்ளே போகும். வயர் சுவரைத் தொடுவதற்கு முன் கீழே ஒரு வளைவு தொங்கட்டும். மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும், வயர் வழியே பிளக்குக்கு வராது. மின்விளக்குகளை ஏற்றும் முன் மின் ஒழுக்கு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். சுவிச் கீழே விழாவிட்டால் அது வேலை செய்யவில்லை. மின்னியலாளரைக் கூப்பிட்டுத் திருத்தும்வரை வெளிவிளக்கு வேண்டாம்.

கடமையில் இருப்பவருக்கு 25ஆம் திகதி லீவு கிடைக்காவிட்டால் நத்தார் போய்விட்டது என்று பிள்ளைகள் வாடத் தேவையில்லை. தை (ஜனவரி) தொடக்கத்தில் வரும் மூன்று இராசாக்கள் திருநாள் வரையாவது குடிலைக் கலைக்காமல் வையுங்கள். அவர் வருகிற நாளில் குடும்பச் சாப்பாட்டை வைத்துக்கொள்ளலாம். கேக்கில் ஒரு பங்கை எடுத்துவைத்தால் சரி. முறுக்கை மட்டும் ஆறியவுடன் இறுக்கமான பிஸ்கற் பேணியில் போடுங்கள், மாரிக் காற்றுப் பட்டால் அன்றே இளகிவிடும்.

முல்லைத்தீவுக் கரையோரம் குடிவருபவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். 26ஆம் திகதி அங்கே துக்க நாள். 2004 சுனாமியில் உறவுகளை இழந்தவர்கள் காலையில் திருப்பலிக்கும் நினைவஞ்சலிக்கும் போவார்கள். அன்று வெடி கொளுத்த வேண்டாம், உரத்துப் பாட்டுப் போடவும் வேண்டாம். முடிந்தால் நீங்களும் அந்தத் திருப்பலிக்குப் போங்கள்.

பங்கு மக்களிடமும் ஒன்று கேட்கிறோம். சீருடை அணிபவர் வீடு என்பதால் கரோல் குழுக்கள் வாசலில் தயங்கக் கூடும். அந்தத் தயக்கத்தின் காரணம் எங்களுக்கும் தெரியும், அதைக் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் உள்ளே இருப்பவை பிள்ளைகள். அன்பியப் (பங்கின் சிறு குடும்பக் குழு) பொறுப்பாளர்கள் பழைய பட்டியலையே வைத்துக்கொண்டு போகாமல், மார்கழி முதல் கிழமையில் புதிதாக வந்த வீடுகளையும் சேர்த்து எழுதி, எந்த இரவு வருவோம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
அன்பிய உறுப்பினர்கள் சிலர்,
கிளிநொச்சி.